தேர்வு மேசையில் அமர்வது யார்? ஐரோப்பாவின் தொழிற்பயிற்சி ஒத்துழைப்பு குறித்து

1. கேள்வி

1957இல் ரோமில் ஆறு நாடுகள் கையெழுத்திட்ட உடன்படிக்கை பள்ளிக் கல்வியைப் பொதுக் கொள்கைக்கு உரியதாகக் கருதவில்லை. உயர்கல்வியையும் பெரும்பாலும் அந்தந்த நாட்டின் பொறுப்பிலேயே விட்டுவிட்டது. தொழிற்பயிற்சிக்கு மட்டும் தனிப் பிரிவு ஒன்றை ஒதுக்கியது. அதன் 128ஆம் பிரிவு, உறுப்பு நாடுகளுக்கான பொதுத் தொழிற்பயிற்சிக் கொள்கையின் அடிப்படைக் கோட்பாடுகளை வகுக்கும்படி அமைச்சர் குழுவுக்குக் கட்டளையிட்டது. நிலக்கரிச் சுரங்கத்திலிருந்தும் வயலிலிருந்தும் வெளியேறும் தொழிலாளர்கள் எல்லை தாண்டி வேலை தேட வேண்டுமானால் அவர்களுடைய திறன் எல்லைக்கு அப்பாலும் செல்லுபடியாக வேண்டும் என்ற எளிய கணக்கு அதற்குப் பின்னால் இருந்தது.

இன்றைய நிலை அந்தக் கணக்குக்கு நேர்மாறானது. பல்கலைக்கழக மாணவர் ஒரு பருவத்தை வேறு நாட்டில் படித்துத் திரும்புவது வழக்கமான செய்தியாகிவிட்டது. மூன்றரை ஆண்டு பயிற்சி பெற்ற எலக்ட்ரீஷியன் தன் சான்றிதழோடு பக்கத்து நாட்டுக்குப் போனால், அதற்கு என்ன மதிப்பு என்பதை அந்த நாட்டின் சட்டமும், பெரும்பாலும் அங்குள்ள முதலாளியின் நம்பிக்கையுமே தீர்மானிக்கின்றன. உடன்படிக்கையில் முதலிடம் பெற்ற துறை நடைமுறையில் பின்தங்கியது ஏன்?

பொதுவாக இரண்டு விடைகள் சொல்லப்படுகின்றன. நாடுகளின் பயிற்சி மரபுகள் ஒன்றோடொன்று பொருந்தாதவை என்பது ஒன்று. அரசுகளுக்கு மனமில்லை என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை உண்டு, இரண்டும் போதாதவை. பயிற்சி பெறுபவருக்குத் தேர்வு நடத்துபவர்களும் அவருக்கு ஊதியம் தருபவர்களும் பேச்சுவார்த்தையில் அமர்ந்த இடங்களில் ஒத்துழைப்பு வேரூன்றியது. அவர்களை விட்டுவிட்டு ஆவணங்களின் சமநிலையை மட்டும் பேசிய இடங்களில் அது நின்றுபோனது. அறுபது ஆண்டு வரலாற்றிலிருந்து நான் பெறும் முடிவு இது.

2. மரபுகள் மாறாதவையா?

ஐரோப்பியத் தொழிற்பயிற்சியைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் வொல்ஃப்-டீட்ரிச் கிரைனர்ட் வகுத்த மூன்று மாதிரிகளிலிருந்து தொடங்குகிறார்கள். இங்கிலாந்தில் சந்தை பயிற்சியைத் தீர்மானித்தது. பிரான்சில் அரசும் பள்ளியும் தீர்மானித்தன. ஜெர்மன் மொழி பேசும் நாடுகளில் பட்டறையும் பள்ளியும் அந்தப் பொறுப்பைப் பகிர்ந்துகொண்டன. மூன்றும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருவானவை. பிரெஞ்சுப் புரட்சி 1791ஆம் ஆண்டுச் சட்டங்களால் பழைய கைவினைக் குழுமங்களை ஒழித்தது. இங்கிலாந்து எலிசபெத் காலத்துத் தொழில் பழகுநர் விதிகளை 1814இல் கைவிட்டது. ஜெர்மனி 1897ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் கைவினைஞர் சபைகளுக்குத் தேர்வு நடத்தும் அதிகாரத்தை அளித்தது. இன்றும் ஒரு ஜெர்மன் பழகுநர் தேர்வெழுதுவது அத்தகைய சபையின் முன்தான். தேர்வுக் குழுவில் முதலாளிகளின் பிரதிநிதி, தொழிலாளர் பிரதிநிதி, தொழிற்பள்ளி ஆசிரியர் ஆகியோர் அமர்கிறார்கள்.

இந்த வகைப்பாடு வேறுபாடுகளைத் தெளிவாகக் காட்டுகிறது. ஆனால் இதைப் பண்பாட்டு விதியாக எடுத்துக்கொண்டால் ஒத்துழைப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்த வாசிப்பைக் கேத்லீன் தெலன் 2004இல் வெளியிட்ட ஒப்பாய்வு அசைத்துப் போட்டது. 1897ஆம் ஆண்டுச் சட்டம் சிறு கைவினைஞர்களைத் தொழிலாளர் இயக்கத்துக்கு எதிரான அரசியல் அரணாக நிறுத்தும் நோக்கம் கொண்டது. பின்னாளில் இயந்திரத் தொழில்துறையும் தொழிற்சங்கங்களும் அதே அமைப்பைத் தமதாக்கிக்கொண்டு அதன் பயனையே மாற்றிவிட்டன. அமைப்புகள் கைமாறுகின்றன, கைமாறும்போது உருமாறுகின்றன என்பதே தெலனின் வாதம். அதை ஏற்றால், மரபு வேறுபாடு ஒத்துழைப்புக்கு முழுத்தடை என்று சொல்ல முடியாது. யார் கையில் எந்த அதிகாரம் இருக்கிறது என்பதை அடுத்துக் கேட்க வேண்டியிருக்கிறது.

3. ரோம் முதல் மாஸ்ட்ரிக்ட் வரை

1963 ஏப்ரலில் அமைச்சர் குழு பத்துக் கோட்பாடுகளை ஏற்றது. பயிற்சித் தரங்களைப் படிப்படியாக ஒன்றுபடுத்துவது அவற்றில் ஒன்று. தாளில் இது துணிச்சலான அறிவிப்பு. நடைமுறையில், பிரஸ்ஸல்ஸில் உள்ள ஐரோப்பிய ஆணையத்துக்கு முன்முயற்சி அதிகாரம் தருவதை உறுப்பு நாடுகள் சில விரும்பாததால் கோட்பாடுகள் கோட்பாடுகளாகவே தங்கின. 1975இல் மேற்கு பெர்லினில் செடெஃபோப் என்ற தொழிற்பயிற்சி வளர்ச்சி மையம் நிறுவப்பட்டது. 1995இல் அது கிரேக்கத்தின் தெசலோனிகிக்கு இடம் மாறியது. அதன் ஆட்சிக் குழுவில் அரசுகளோடு முதலாளிகள் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் இடம்பெற்றன. ஆனால் அது ஆய்வு மையமே. விதி வகுக்கும் அதிகாரம் அதற்கு இல்லை.

பெரிய திருப்பம் வந்தது ஓர் ஓவியக் கல்லூரியிலிருந்து. பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் படக்கதை வரையும் கலையைப் பயின்ற ஒரு பிரெஞ்சு மாணவியிடம், பெல்ஜிய மாணவர்களிடம் கேட்காத தனிக் கட்டணம் கேட்கப்பட்டது. அவர் நீதிமன்றத்தை நாடினார். வழக்கு லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றத்துக்குப் போனது. ஒரு குறிப்பிட்ட தொழிலுக்கோ வேலைக்கோ உரிய தகுதியைத் தரும் எந்தக் கல்வியும், மாணவரின் வயதும் நிலையும் எதுவானாலும், தொழிற்பயிற்சியே என்று 1985 பிப்ரவரியில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்படியானால் குடியுரிமையை வைத்துக் கட்டணத்தில் பாகுபாடு காட்டக் கூடாது. கிராவியே வழக்கு என்று அறியப்படும் இத்தீர்ப்பு 128ஆம் பிரிவுக்குப் புது வலிமை தந்தது. 1988இல் பிளெசோ வழக்கின் தீர்ப்பு பல்கலைக்கழகப் படிப்புகளில் பெரும்பாலானவற்றையும் அந்த வரையறைக்குள் கொண்டுவந்தது.

இந்த வலிமையைக் கொண்டு கட்டப்பட்டதைப் பார்க்க வேண்டும். 1987இல் பல்கலைக்கழக மாணவர் பரிமாற்றத்துக்கான எராஸ்மஸ் திட்டம் தொடங்கியபோது அதன் சட்ட அடிப்படைகளில் ஒன்று இந்த 128ஆம் பிரிவு. தொழிலாளரை மனதில் வைத்து எழுதப்பட்ட பிரிவின் முதற்பெரும் பயன் பல்கலைக்கழக மாணவர்களைச் சேர்ந்தது. கொமெட், பெட்ரா, ஃபோர்ஸ் என்று தொழிற்பயிற்சிக்கான திட்டங்களும் அதே காலத்தில் வந்தன. 1995 முதல் லியனார்டோ டா வின்சி என்ற பெயரில் அவை ஒன்றாயின. ஆனால் பொதுமக்கள் மனதில் பதிந்த பெயர் எராஸ்மஸ் மட்டுமே. 2014இல் எல்லாத் திட்டங்களும் எராஸ்மஸ் பிளஸ் என்ற ஒரே குடையின் கீழ் வந்தபோது லியனார்டோ என்ற பெயரும் மறைந்தது. இதை நிர்வாக வசதியாக மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை. தொழில் பழகும் இளைஞர் தனக்கென ஒரு பெயரோடு இருந்த திட்டத்தை இழந்தார்.

நீதிமன்றத்தின் விரிந்த விளக்கம் உறுப்பு நாடுகளைக் கலங்கச் செய்தது. 1992இல் கையெழுத்தான மாஸ்ட்ரிக்ட் உடன்படிக்கையில் அவை வேலி போட்டன. தொழிற்பயிற்சிக்கான 127ஆம் பிரிவு, உறுப்பு நாடுகளின் சட்டங்களையும் விதிகளையும் ஒருமுகப்படுத்துவதை வெளிப்படையாக விலக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் ஊக்கப்படுத்தலாம், பணம் தரலாம், பரிந்துரைக்கலாம், கட்டாயப்படுத்த முடியாது. அதன்பின் வந்தவை எல்லாம் இந்த வேலிக்குள் நடந்தவையே. 2002 நவம்பரில் 31 நாடுகளின் அமைச்சர்கள் ஏற்ற கோபன்ஹேகன் பிரகடனம், 2010இல் புரூஷ், 2015இல் ரீகா, 2020இல் ஒஸ்னாப்ரூக் என்று தொடர்ந்த அறிக்கைகள் அனைத்தும் தன்விருப்ப ஒத்துழைப்பின் மொழியில் எழுதப்பட்டவை.

4. ஆவணங்களின் சமநிலை: மூன்று முயற்சிகள்

முதல் முயற்சி 1985இல் தொடங்கியது. தகுதிச் சான்றுகளின் ஒப்பீடு பற்றிய அமைச்சர் குழு முடிவின்படி, செடெஃபோப் 19 துறைகளில் 219 தொழில்களின் விவரங்களைத் தொகுத்தது. கட்டுமானத் தொழிலாளி, உணவக ஊழியர், வாகன மெக்கானிக் என்று ஒவ்வொரு தொழிலிலும் எந்த நாட்டின் எந்தச் சான்றிதழ் எதற்கு ஒப்பானது என்ற பட்டியல் உருவானது. பட்டியல் முடிவதற்குள் தொழில்களே மாறிவிட்டன. கணினி நுழைந்த பட்டறையில் பழைய விவரங்கள் செல்லாதவையாயின. இன்னொரு குறையும் இருந்தது. ஒப்பானவை என்று பட்டியல் சொன்னதே தவிர, அந்த ஒப்புமையை ஏற்க வேண்டிய கடமை எந்த முதலாளிக்கும் எந்தத் தேர்வுக் குழுவுக்கும் இருக்கவில்லை. தொண்ணூறுகளில் அந்த முயற்சி கைவிடப்பட்டது.

இரண்டாவது முயற்சி தொழில்களை விட்டுவிட்டுப் படிநிலைகளைப் பிடித்தது. 2008 ஏப்ரலில் பரிந்துரைக்கப்பட்ட ஐரோப்பியத் தகுதிச் சட்டகம் எட்டுப் படிகளைக் கொண்டது. எத்தனை ஆண்டு, எந்த நிறுவனத்தில் என்று கேட்காமல், கற்றவருக்கு என்ன தெரியும், என்ன செய்ய முடியும் என்று கேட்பது அதன் தத்துவம். ஒவ்வொரு நாடும் தன் தகுதிகளைத் தானே அந்தப் படிகளில் பொருத்த வேண்டும்.

ஜெர்மனி அப்படிப் பொருத்த முயன்றபோது நடந்தது இந்தத் துறையின் உள்முரண்பாட்டை முழுதாக வெளிப்படுத்தியது. பல்கலைக்கழக நுழைவுக்கான பள்ளி இறுதிச் சான்றான அபிடூரை ஐந்தாம் படியிலும், பெரும்பாலான தொழில் பழகுநர் சான்றுகளை அதற்குக் கீழும் வைக்க மாநிலக் கல்வி அமைச்சர்கள் விரும்பினர். தொழில் வணிகச் சபைகளும் கைவினைஞர் சபைகளும் தொழிற்சங்கங்களும் ஒரே குரலில் எதிர்த்தன. பதினெட்டு வயதுவரை பள்ளி வகுப்பில் அமர்ந்தவர், மூன்றரை ஆண்டு இயந்திரத்தோடும் வாடிக்கையாளரோடும் பழகியவரைவிட எந்த வகையில் மேலானவர் என்று அவை கேட்டன. 2012 ஜனவரி இறுதியில் சமரசம் ஏற்பட்டது. இரண்டாண்டுப் பயிற்சி மூன்றாம் படி, மூன்றாண்டும் அதற்கு மேலும் நீளும் பயிற்சி நான்காம் படி, மைஸ்டர் என்ற தலைமைக் கைவினைஞர் தகுதி இளநிலைப் பட்டத்தோடு ஆறாம் படி. அபிடூருக்கு அப்போதைக்குப் படியே ஒதுக்கப்படவில்லை. இதேபோன்ற சர்ச்சை நெதர்லாந்திலும் எழுந்தது. பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் பள்ளிச் சான்று அங்கே 'நான்கு பிளஸ்' என்ற இடைப்பட்ட இடத்தைப் பெற்றது.

மைஸ்டரும் இளநிலைப் பட்டதாரியும் ஒரே படியில் நிற்பது பெரிய செய்தி. கையால் உழைப்பவரின் அறிவு அரசு ஆவணம் ஒன்றில் பட்டத்துக்குச் சமமாக எழுதப்பட்டது. அந்தத் தருணத்தை எளிதாகத் தள்ளிவிட நான் விரும்பவில்லை. ஆனால் படிநிலை எந்த உரிமையையும் தராது என்பதும் அதே ஏற்பாட்டின் பகுதி. ஆறாம் படியில் இருப்பதால் மைஸ்டருக்கு முதுநிலைப் படிப்பில் தானாக இடம் கிடைத்துவிடாது. வேறொரு நாட்டின் முதலாளி கூடுதல் ஊதியம் தர வேண்டியதும் இல்லை. இந்தச் சட்டகத்தின் வலிமை கௌரவத்தில் இருக்கிறது, நடைமுறைப் பயனில் இல்லை என்பது என் மதிப்பீடு.

மூன்றாவது முயற்சியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பல்கலைக்கழகங்களில் பயன்பட்ட கிரெடிட் முறையைத் தொழிற்பயிற்சிக்கும் கொண்டுவர 2009இல் ஈசிவெட் என்ற திட்டம் பரிந்துரைக்கப்பட்டது. கற்றதைச் சிறு அலகுகளாகப் பிரித்து, புள்ளிகள் கொடுத்து, ஒரு நாட்டில் பெற்றதை இன்னொரு நாட்டில் கணக்கில் சேர்ப்பது அதன் நோக்கம். முழுத் தொழிலையும் ஒரே இறுதித் தேர்வில் சோதிக்கும் நாடுகளுக்கு அலகுப் பிரிப்பே அந்நியமாக இருந்தது. புள்ளிகள் வேரூன்றவில்லை, 2020 நவம்பரில் வந்த புதிய பரிந்துரை பழையதை நீக்கியது. வெளிநாடு போகும் பயிற்சியாளருக்காக இரு நிறுவனங்கள் முன்கூட்டியே எழுதிக்கொள்ளும் கற்றல் ஒப்பந்தம் போன்ற சில நடைமுறைக் கருவிகள் மட்டும் பிழைத்தன. நிறுவனங்கள் நேரடியாகக் கைகோத்த பகுதி மட்டும் உயிர்வாழ்ந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

5. ஏற்றுமதியான இரட்டை முறை

2008இன் நிதி நெருக்கடிக்குப் பின் கிரேக்கத்திலும் ஸ்பெயினிலும் உழைப்புச் சந்தையில் இருந்த இளைஞர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு வேலை இல்லை. ஜெர்மனியில் அந்த விகிதம் பத்து விழுக்காட்டுக்கும் கீழே. பட்டறையையும் பள்ளியையும் இணைக்கும் 'இரட்டை முறை' எல்லோருக்கும் மருந்தாகத் தோன்றியது. 2012 டிசம்பரில் பெர்லினில் கிரீஸ், இத்தாலி, லாத்வியா, போர்த்துகல், ஸ்லோவாக்கியா, ஸ்பெயின் ஆகிய ஆறு நாடுகள் ஜெர்மனியோடு புரிந்துணர்வுக் குறிப்பில் கையெழுத்திட்டன. அடுத்த ஜூலையில் லைப்சிக்கில் ஐரோப்பியத் தொழில் பழகுநர் கூட்டணி தொடங்கப்பட்டது.

ஸ்பெயினின் அனுபவம் தனித்துப் பார்க்கத் தக்கது. ஜெர்மனியில் நிறுவனங்கள் சபைகளில் உறுப்பினராவது கட்டாயம். பயிற்சி தரும் நிறுவனத்தை மேற்பார்வையிடுவதும் தேர்வு நடத்துவதும் அந்த உறுப்பினர் சந்தாவால் நடக்கின்றன. ஸ்பெயின் தன் வணிகச் சபைகளுக்கான கட்டாயச் சந்தாவை 2010 டிசம்பரில் நீக்கியிருந்தது. சரியாக இரண்டு ஆண்டுகள் கழித்து, அத்தகைய சபைகளின் மீது நிற்கும் ஒரு முறையை இறக்குமதி செய்யக் கையெழுத்திட்டது. நாட்டின் நிறுவனங்களில் மிகப் பெரும்பாலானவை சிறியவை. பழகுநருக்கென ஒரு பயிற்றுநரை ஒதுக்க அவற்றுக்கு ஆள் இல்லை. எனவே பொறுப்பு மீண்டும் பள்ளிகள் மீதும் தன்னாட்சி மாநிலங்கள் மீதும் விழுந்தது.

ஆயினும் இதைத் தோல்வி என்று எழுதுவது அவசரம். தன் பள்ளிகளை மையமாக வைத்தே ஸ்பெயின் ஒரு வழியைத் தேடியது. 2022ஆம் ஆண்டின் தொழிற்பயிற்சிச் சட்டம் முறைசார் தொழிற்படிப்புகளில் நிறுவனப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. பொது வகையில் பயிற்சி நேரத்தின் கால் பங்கு முதல் 35 விழுக்காடு வரை நிறுவனத்தில் கழிய வேண்டும். அதற்கு மேல் போகும் தீவிர வகையில் ஊதியத்தோடு கூடிய ஒப்பந்தம் வேண்டும். ஜெர்மனியின் பிரதி என்று இதைச் சொல்ல முடியாது. ஸ்பெயின் தன் கையில் இருந்த அமைப்புகளைக் கொண்டு கட்டியது. பாஸ்க் பகுதியின் டெக்னிகா மையம் போன்றவை இன்று மற்ற நாடுகளின் தொழிற்பள்ளிகள் வந்து கற்கும் இடங்களாகியிருக்கின்றன.

அந்தக் காலத்தின் வேறொரு முயற்சி அவ்வளவு நன்றாக முடியவில்லை. தெற்கிலிருந்து இளைஞர்களை அழைத்து மொழிப் பயிற்சியும் பயண உதவியும் தந்து ஜெர்மன் பட்டறைகளில் சேர்க்கும் திட்டம் 2013இல் தொடங்கியது. அடுத்த ஆண்டே விண்ணப்பங்கள் ஒதுக்கிய பணத்தை மீறின, சேர்க்கை நிறுத்தப்பட்டது. சேர்ந்தவர்களிலும் பலர் பாதியில் ஊர் திரும்பினர். பத்தொன்பது வயதில் அறியாத மொழியில் தொழிற்பள்ளிப் பாடம் படிப்பதன் சுமையைத் திட்டம் வகுத்தவர்கள் குறைத்து மதிப்பிட்டார்கள்.

6. சட்டம் கட்டாயப்படுத்திய இடம்: செவிலியர்

இதுவரை பார்த்தவை தன்விருப்பமானவை. ஒருமுகப்படுத்தல் உண்மையில் நடந்த ஒரு துறையும் உண்டு. பொதுச் செவிலியர் பயிற்சியின் குறைந்தபட்ச அளவு 1977 முதல் ஐரோப்பியச் சட்டத்தில் இருக்கிறது. இன்று நடப்பிலுள்ள 2005ஆம் ஆண்டு நெறிமுறையின் திருத்தப்பட்ட வடிவம், குறைந்தது மூன்று ஆண்டுகள், 4600 மணி நேரம், அதில் பாதியாவது நோயாளிகளோடு என்று வரையறுக்கிறது. இந்த நிபந்தனைகளை நிறைவேற்றிய சான்றிதழ் ஒன்றியம் முழுவதும் தானாக ஏற்கப்படும். இது கல்விப் பிரிவின் கீழ் வராமல், தொழில்களுக்கான அங்கீகாரம் என்ற உள்சந்தைச் சட்டத்தின் கீழ் வந்ததால் மாஸ்ட்ரிக்டின் வேலி இதைத் தடுக்கவில்லை.

2013இல் இந்த நெறிமுறையைத் திருத்தியபோது, செவிலியர் பயிற்சியில் சேரப் பன்னிரண்டு ஆண்டு பள்ளிக் கல்வி வேண்டும் என்று ஆணையம் முன்மொழிந்தது. பத்தாம் வகுப்புக்குப் பின் செவிலியர் பள்ளியில் சேரும் வழக்கமுள்ள ஜெர்மனி கடுமையாக எதிர்த்தது. முடிவில் இரு வழிகளும் ஏற்கப்பட்டன. ஆனால் சட்டத்தின் ஈர்ப்பு நிற்கவில்லை. ஜெர்மனியில் முதியோர் பராமரிப்பு தனிப் பயிற்சியாக இருந்தது. அதற்குத் தானியங்கி அங்கீகாரம் கிடையாது. 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் நோயாளர், குழந்தைகள், முதியோர் ஆகிய மூன்று பராமரிப்புப் பிரிவுகளுக்கும் பொதுவான பயிற்சியை உருவாக்கியது. அதன் பட்டயம் எல்லை தாண்டிச் செல்லும். கட்டாயச் சட்டம் ஒரு நாட்டின் பாடத்திட்டத்தையே இழுத்து மாற்றும் என்பதற்கு இது நல்ல சான்று.

இந்த வழியை எல்லாத் தொழில்களுக்கும் நீட்டலாமா? நான் தயங்குகிறேன். செவிலியப் பணியில் உயிர் சம்பந்தப்பட்டிருப்பதால் குறைந்தபட்ச விதி எல்லோராலும் ஏற்கப்பட்டது. ஜெர்மனியில் மட்டும் முந்நூறுக்கு மேற்பட்ட பழகுநர் தொழில்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பிரஸ்ஸல்ஸில் மணிக்கணக்கு வகுத்தால் 219 தொழில்களின் பட்டியலுக்கு நேர்ந்ததே இதற்கும் நேரும்.

7. ரைன் நதியின் இரு கரைகள்

மேல் ரைன் பகுதியில் பிரான்சின் அல்சாஸும் ஜெர்மனியின் பாடனும் ஆற்றின் இரு கரைகளில் இருக்கின்றன. ஒரு கரையில் பயிற்சி இடம் கிடைக்காத இளைஞர்கள், மறுகரையில் பழகுநர் கிடைக்காத பட்டறைகள். 2013இல் இரு தரப்பின் மாநிலங்களும் சபைகளும் வேலைவாய்ப்பு அமைப்புகளும் சேர்ந்து ஓர் ஒப்பந்தம் செய்தன. அல்சாஸ் இளைஞர் ஜெர்மன் நிறுவனத்தில் ஒப்பந்தம் பெற்று அங்கே வேலை கற்பார், ஊதியமும் பெறுவார். வகுப்புகளைத் தன் ஊர்ப் பயிற்சி மையத்தில் பிரெஞ்சு மொழியில் படித்து பிரெஞ்சுப் பட்டயம் பெறுவார். இரண்டு சான்றிதழ்களும் சமமா என்ற நெடிய விவாதம் இங்கே எழவில்லை. முதலாளியும் பயிற்சி மையமும் ஒரே இளைஞருக்குப் பொறுப்பேற்றன, அவ்வளவுதான். எண்ணிக்கை சிறியதே. ஆனால் மாதக் கணக்கில் அல்லாமல் முழுப் பயிற்சிக் காலமும் இரு நாடுகளில் நடந்தது.

இதை ஏறக்குறைய நிறுத்தியது நிதி பற்றிய ஒரு சட்டம். 2018இல் பிரான்ஸ் தன் பழகுநர் முறையைச் சீர்திருத்தி, பிராந்தியங்களிடம் இருந்த நிதிப் பொறுப்பைத் துறைவாரி அமைப்புகளுக்கு மாற்றியது. அவற்றுக்குப் பணம் வருவது பிரெஞ்சு நிறுவனங்கள் செலுத்தும் பயிற்சி வரியிலிருந்து. ஜெர்மன் முதலாளி அந்த வரியைச் செலுத்துவதில்லை. அப்படியானால் அவருடைய பழகுநரின் வகுப்புக் கட்டணத்தைத் தருவது யார்? இந்த ஒரு கேள்விக்கு விடையில்லாமல் எல்லை தாண்டிய பயிற்சி சட்ட வெற்றிடத்தில் தொங்கியது. 2022 பிப்ரவரியில் பிரெஞ்சு நாடாளுமன்றம் இதற்குச் சட்ட இடம் தந்தது. 2023 ஜூலையில் எல்லையோரத்து லோட்டர்பூரில் இரு நாடுகளும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஒரு வரிப் பங்கீட்டைச் சரிசெய்ய ஐந்து ஆண்டுகள் ஆயின. எட்டுப் படிகளும் பிரகடனங்களும் இருந்தும் அந்த ஐந்து ஆண்டுகளில் அவற்றால் ஒரு பழகுநரின் கட்டணத்தைக்கூடத் தீர்க்க முடியவில்லை.

8. யார் வெளியே போகிறார்கள்

2011இல் ஒன்றியம் ஒரு குறியிலக்கு வைத்தது. 2020க்குள் உயர்கல்விப் பட்டதாரிகளில் 20 விழுக்காட்டினரும் தொடக்கத் தொழிற்பயிற்சி பெற்றவர்களில் 6 விழுக்காட்டினரும் வெளிநாட்டில் ஒரு காலம் கற்றிருக்க வேண்டும். 2024 மே மாதப் பரிந்துரையில் இவை 2030க்கு 23 என்றும் 12 என்றும் உயர்ந்தன. இடைவெளி குறைந்திருக்கிறது, ஆனால் பயிற்சியாளர் மாணவரில் பாதியாகவே கணக்கிடப்படுகிறார்.

பயிற்சியாளருக்கு நாடு பார்க்கும் ஆசை குறைவு என்ற விளக்கத்தை நான் ஏற்கவில்லை. இடைக்காலம் முதல் ஜெர்மன் மொழி நாடுகளில் தேர்ச்சி பெற்ற கைவினைஞர் மூன்றாண்டும் ஒரு நாளும் ஊர் திரும்பாமல் சுற்றும் வழக்கம் உண்டு. பிரான்சின் கோம்பன்யோன் சங்கத்தார் இன்றும் நகரம் நகரமாகச் சென்று தொழில் கற்கிறார்கள். தடைகள் வேறு. பழகுநர் ஊதியம் பெறும் தொழிலாளி. அவர் போகும் மாதங்களில் ஊதியத்தைத் தொடர்ந்து தர வேண்டியவர் முதலாளி. பலருக்கு வயது பதினெட்டு ஆகியிருக்காது. தங்குமிடம், காப்பீடு, பெற்றோர் ஒப்புதல் எல்லாம் வேண்டும். ஜெர்மன் சட்டம் 2005 முதல் பயிற்சிக் காலத்தின் கால் பங்கு வரை வெளிநாட்டில் கழிக்க இடம் தருகிறது. ஆனால் நடைமுறையில் பெரும்பாலான பயணங்கள் சில வாரங்களே. மூன்று மாதத்துக்கு மேற்பட்ட தங்கலுக்கென எராஸ்மஸ் புரோ என்ற பிரிவு 2018இல் வந்தபோதும், ஐந்து பேர் வேலை செய்யும் பட்டறையில் ஒருவரை மூன்று மாதம் அனுப்பிவைப்பது எளிதாகிவிடவில்லை.

இங்கே பயன்பட்டவர்கள் ஜெர்மன் சபைகளில் 2009 முதல் பணியாற்றிவரும் பயண ஆலோசகர்கள். ஒரு தச்சுப் பட்டறையின் உரிமையாளரிடம் நேரில் பேசி, எந்த மாதத்தில் அவருக்கு வேலை குறைவு என்று கேட்டு, அதற்கேற்ற இடத்தை டென்மார்க்கிலோ இத்தாலியிலோ தேடித் தருபவர்கள் இவர்கள். பிரெஞ்சு-ஜெர்மன் பரிமாற்றத்துக்கென சார்ப்ரூக்கனில் 1980 முதல் இயங்கும் நிறுவனமும் இதே வழியில் நீண்டகாலம் நிலைத்தது. தொழிற்பள்ளி வகுப்பும் பட்டறையும் இரு நாடுகளிலும் ஒன்றையொன்று நேரடியாக அறிந்திருப்பதே அதற்குக் காரணம். 2028இல் தொடங்கவிருக்கும் அடுத்த ஏழாண்டுத் திட்டத்தில், பயிற்சியாளர் வெளியே இருக்கும் மாதங்களின் ஊதியத்தில் ஒரு பகுதியைச் சிறு பட்டறைகளுக்கு ஈடுசெய்யவும், இத்தகைய ஆலோசகர்களை ஒவ்வொரு உறுப்பு நாட்டிலும் நியமிக்கவும் தனி நிதி ஒதுக்கப்பட வேண்டும். 12 விழுக்காடு என்ற இலக்கு எட்டப்படுமா என்பது அந்த ஒதுக்கீட்டைப் பொறுத்தது.